எங்கள் சந்தின் ஐந்தாவது ஷரத்து

டிசம்பர் 8, திங்கள்

முதலிபாளையத்தில் எங்கள் சந்துக்கு இன்று வல்லரசின் தூதர் வந்தார். வல்லரசு என்றால் மெயின் ரோட்டில் நானூறு மிஷின் ஓடும் பனியன் கம்பெனி. தூதர் என்றால் அதன் மேனேஜர் வேல்குமார். எங்கள் ஒன்பது தையல் ஷெட்டுகளையும், சீர்த் தட்டுகளை எட்டிப் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி பார்த்துக்கொண்டே நடந்தார். என் பக்கத்து ஷெட் பொன்னாத்தாளிடம் சொன்னாராம்: “எங்களோட சேந்துக்கோங்க. எல்லாம் அப்படியேதானுங்க இருக்கும். போர்டு மட்டும் மாறும்.”

அவளுக்கு இருப்பது பத்து மிஷினும் அந்த போர்டும். “போர்டு மாறுனா அப்பறம் நான் யாருங்ணா?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கு இருப்பது பன்னிரண்டு மிஷினும் ஒரு தொப்பையும். தொப்பையை யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

பொன்னாத்தாளுக்கு எஸ்தோனியாவிலிருந்து ஆர்டர். நேரடி ஆர்டர், வாழ்க்கையில் முதல் முறை. பிப்ரவரி 24 அந்த நாட்டின் சுதந்திர தினம். அன்றைக்குப் போட்டுக்கொள்ள பனியன். ஜனவரி 3 சரக்கு கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும், ஆர்டரும் போய்விடும். அப்புறம் வேல்குமார் ஏணியோடு வந்து போர்டைக் கழற்றுவார்.

எஸ்தோனியா எங்கே இருக்கிறது என்று போனில் படித்தேன். ஜனம் பதினாலு லட்சம்கூட இல்லை. நம் மாவட்டத்தில் பாதி தேறுமா? பக்கத்திலேயே ரஷ்யா. எப்படித்தான் தூங்குகிறார்கள்? நேட்டோவில் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு நாட்டைத் தொட்டால் முப்பத்திரண்டு நாடுகளையும் தொட்டதாக அர்த்தமாம். படித்ததும் எனக்குள் ஒரு ராஜதந்திரி எழுந்து உட்கார்ந்தான். (வயது ஐம்பத்திரண்டு. எழுந்து உட்காரத்தான் முடியும்.)

டிசம்பர் 14, ஞாயிறு

ஒப்பந்தம் எழுதிவிட்டேன். ஒன்பது ஓனர்களும் என் ஷெட்டில் கூடி, ஓவர்லாக் மிஷின்மேல் சூடம் கொளுத்திச் சத்தியம் செய்தோம். நேட்டோவின் ஐந்தாவது ஷரத்தை அப்படியே தமிழில் இறக்கியிருந்தேன்: ‘ஒரு ஷெட்டின் மேல் நடக்கும் தாக்குதல் எல்லா ஷெட்டின் மேலும் நடந்த தாக்குதல். அவரவர் தேவையெனக் கருதும் உதவியைச் செய்ய வேண்டும்.’ எதிர் ஷெட் அங்கமுத்து கைதட்டினான். அவன் எதற்கும் கைதட்டுவான்.

என் மனைவி சித்ராதேவி வாங்கிப் படித்தாள். “ஏனுங்க, ஒருத்தரும் கருதலைன்னா?”

அவளுக்கு ராஜதந்திரம் புரியாது.

டிசம்பர் 29, திங்கள்

படையெடுப்பு. வல்லரசின் மஞ்சள் பஸ் காலையில் டெய்லர்கள் குடியிருக்கும் மண்ணரைக்குப் போய், பொன்னாத்தாளின் டெய்லர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. ஆளுக்கொரு மிக்ஸி, பொங்கல் பரிசாம். குண்டு போடவில்லை, மிக்ஸி போட்டார்கள்.

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பொன்னாத்தாள் எழுதினாள்: “அஞ்சாவது ஷரத்துங்க.”

உதவிகள் குவிந்தன. அங்கமுத்து கட்டைவிரல் போட்டான். இரண்டு பேர் கும்பிடும் கை. ஒருவர் முருகன் படம். கடைசி ஷெட் சேவூர்க்காரர் ‘கடும் கண்டனம்’. எல்லோரும் ஷரத்துப்படியே, தேவையெனக் கருதியதைச் செய்துவிட்டார்கள். அதை எழுதின கையை ஓவர்லாக்கில் விட வேண்டும்.

நான் என்ன செய்தேன்? அழும் முகம் ஒன்று போட்டேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

வேல்குமார் போன் செய்தார். “அண்ணா, உங்க ஷெட்டுக்கு எங்க வேலை எப்பவும்போல வந்துட்டேதானுங்க இருக்கும். நீங்க பேசாம இருந்தாப் போதும்.”

என் ஷெட்டில் ஓடுவதில் பாதிக்கு மேல் அவர்கள் தரும் வேலை. பேசாம இருந்தேன். ஊருக்கே வாயாடின்னு பேரு, இன்னைக்கு மட்டும் வாயில பூட்டு! சுவத்துக்கு அந்தப் பக்கம் பொன்னாத்தாளும் மிச்சமிருக்கற ரெண்டு பேரும் மிஷின் ஓட்டுற சத்தம் கேக்குது. ரேடியோவைப் பெருசா வெச்சேன். தூ.

டிசம்பர் 31, புதன்

காலையில் போனால் என் ஷெட்டில் ஒரு டெய்லரும் இல்லை. மஞ்சள் பஸ் இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த ஷெட்டை எட்டிப் பார்த்தேன். அத்தனை பேரும் அங்கே, எட்டுப் பேர் பொன்னாத்தாளின் காலி மிஷின்களில், மற்றவர்கள் மடித்து அடுக்கிக்கொண்டு. நடுவில் சித்ராதேவி, நூல் பிசிறு வெட்டிக்கொண்டு.

“என்ன இது?”

“தேவையெனக் கருதுற உதவிங்க. நான் கருதிட்டேன்.”

“வேல்குமாருக்குத் தெரிஞ்சா நம்ம வேலை போயிருமே!”

“அவரு என்ன வேணா கருதட்டும். நீங்க இந்தக் கத்திரியப் புடிங்க.”

பிடித்தேன். முதல் பனியனிலேயே பிசிறோடு சேர்த்துக் கழுத்துப் பட்டியையும் வெட்டினேன். பொன்னாத்தாள் அதைத் தூக்கிப் பார்த்தாள். “ஏனுங்ணா, நீங்க எஸ்தோனியா பக்கமா, ரஷ்யா பக்கமா?” மூன்று நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

டீ நேரத்துக்கு அங்கமுத்து நான்கு டெய்லர்களோடு வந்து நின்றான். “கட்டவிரலு போட்டவனுக்கு ஊட்டுல சோறு இல்லீன்னுட்டாங்கொ.” நேற்றே சித்ராதேவி எல்லா ஓனர்களின் வீட்டுக்கும் போன் போட்டிருக்கிறாள். உண்மையான நேட்டோ அடுப்படிகளில் இருந்திருக்கிறது. நான் மிஷின்மேல் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 3, சனி

சரக்கு கிளம்பியது.

ஜனவரி 5, திங்கள்

வேலை கொண்டுவரும் வல்லரசின் வேன் என் வாசலில் நிற்காமல் போனது. பொருளாதாரத் தடை. பன்னிரண்டு மிஷினும் சும்மா. குரூப்பில் ‘அஞ்சாவது ஷரத்து’ என்று பாதி தட்டினேன். அழும் முகம் போட்டவன் எந்த வாயால் கேட்பது? அழித்துவிட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ஷெட் வாசலில், தைப்பதற்கு வெட்டி வைத்த துணிக் கட்டுகள் ஏழு. ஏழு ஷெட்டுகளும் தங்கள் வேலையில் ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மேலே இருந்த கட்டில் பொன்னாத்தாள் எழுதியிருந்தாள்: ‘டெய்லர்கள் மட்டும் தைக்கவும். ஓனர் தொட வேண்டாம்.’

சேவூர்க்காரர் மட்டும் குரூப்பில் ‘முழு ஆதரவு’ தெரிவித்தார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

எஸ்தோனியாவுக்கு சுதந்திர தினம். எங்கள் சந்துக்கு லீவு இல்லை.

டீ குடிக்க வந்த வேல்குமார், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது போர்டுகளையும் வரிசையாகப் பார்த்தார். அங்கமுத்து அவருக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.