புத்தகத்துக்குள் இருந்த சிவப்புத் தோல்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். இது பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதுவது. அவள் இப்போது இல்லை.

அக்கா, உன் துப்பறியும் நாவலை இன்று திறந்தேன். நீ வேலை பார்த்த ஷூ கம்பெனியின் தோல் வாசனை அதில் இன்னும் இருக்கிறது. உங்கம்மாவுக்குத் துணையாக இப்போது நான்தான் உன் அறையில் படுக்கிறேன். அவர் எனக்குப் போர்வை போர்த்திவிட்டுப் போகிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாம் சேர்ந்து படித்தபோது, ஒரு செல்போன் இருந்தால் பத்தாம் பக்கத்திலேயே கொலைகாரன் மாட்டியிருப்பான் என்று நான் சிரித்தது நினைவிருக்கிறதா? பங்களாவில் கொலை நடந்ததும் வேலைக்காரியின் பெட்டியைத்தான் முதலில் கொட்டிப் பார்ப்பார்கள். நீ அங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டாய். "அவளுக்கு ஒரு நாள் சோதனை. எங்களுக்கு தினமும் கேட்ல சோதனை. இதுல இன்னா மர்மம்?" என்றாய். நான் கவனிக்கவில்லை. துப்பறிவாளரின் மூளைதான் எனக்குப் பிடித்திருந்தது.

பக்க அடையாளத்துக்கு நீ வைத்திருந்த சிவப்புத் தோல் விரல் அகலம்கூட இல்லை. வெட்டி மிஞ்சிய துண்டு. ஆனால் குப்பைக்குப் போவதைக்கூட கேட்டைத் தாண்டிக் கொண்டுவரக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை வகுப்பில் உன் சூப்பர்வைசர் மகளிடம் காட்டினேன். இந்த நிறம் இன்னும் கடைக்கே வரவில்லை, உள்ளே வேலை செய்பவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று துப்பறிவாளர் மாதிரி பேசினேன். யார் என்று கேட்டாள். பெருமையில் உன் பெயரைச் சொன்னேன்.

மறுநாளே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேறு கம்பெனிக்கு, ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிக்கு ஷேர் ஆட்டோவில் போனாய். மூன்றாவது வாரம் ஹைவேயில் லாரி மோதியது.

காட்டிக்கொடுத்தது உன் பக்கத்து மெஷினில் வேலை செய்த ஷாகிரா அக்கா என்று உங்கம்மா நம்புகிறார். உன் காரியத்தன்று ஷாகிரா அக்கா வந்தபோது உங்கம்மா வாசலிலேயே தடுத்தார். "தோஸ்த்துன்னு கூடவே இருந்து வாயில மண்ணப் போட்டியேடி." ஷாகிரா அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். நான் உள்ளே காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

கடைசி அத்தியாயத்தை இன்று தனியாகப் படித்தேன். எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து உண்மை சொல்லப்படுகிறது. வேலைக்காரி குற்றமற்றவள். ஆனால் அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, தேநீர் கொண்டுவரச் சொல்கிறார்கள். நீ இருந்தால் அங்கேயும் நிறுத்தியிருப்பாய். இன்று நான் நிறுத்தினேன். அந்தப் பழக்கம் ஒன்றுதான் உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

"பெரிம்மா, அது நான்தான்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நான்கு தடவை எழுதி அடித்துவிட்டேன். சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, அக்கா, உங்கம்மா என்னையும் வாசலிலேயே

உங்கம்மா கதவைத் தட்டுகிறார். "பாப்பா, இன்னும் தூங்கலியா?"

தாளை ஒளிக்கவில்லை, அக்கா. இதையே அவர் கையில்