பெரியப்பாவை எகிப்து ஆக்கினோம்

ஏப்ரல் 2, 1979

டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்தது என் தப்பு. எகிப்து தனியாக இஸ்ரேலோடு ஒப்பந்தம் போட்டதால் மற்ற அரபு நாடுகள் அதைத் தள்ளிவைத்துவிட்டனவாம். அரபு லீகின் தலைமையகத்தையும் கெய்ரோவிலிருந்து டூனிசுக்கு மாற்றுகிறார்களாம்.

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்ணா, நம்ம பெரியண்ணன் பண்ணுன வேலைதானுங்க இது?"

எங்கள் வண்டித்தடத்தையும் ஓரத்து நிலத்தையும் வளைத்துக்கொண்ட கந்தப்பன்மேல் மூன்று வீடும் சேர்ந்து வழக்கு. போன மாதம் பெரியப்பா மட்டும் ராசியாகித் தன் நிலத்தை வாங்கிக்கொண்டார்.

அப்பா சொன்னார்: "அத்தன நாடு தள்ளிவெக்குது. நாம ரெண்டு ஊடு தள்ளிவெக்க மாட்டமா?"

ஏப்ரல் 4

பெரியப்பா வீட்டில் கை நனைக்கக் கூடாது. அவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. தீர்மானம்!

பொதுக்கிணறு அவர் பங்கில்தானே இருக்கிறது என்றேன்.

"அரபு நாட்டுல மட்டும் தண்ணி கொட்டுதா? பொழைக்கலையா அவனுக?" — சித்தப்பா.

ஏப்ரல் 5

தலைமையகத்தை மாற்றிவிட்டார்கள். கிணற்று ஆயில் எஞ்சினைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, சித்தப்பாவின் மாட்டுக்கொட்டகைக்கு. அதற்கு மட்டும் கால் வைக்கலாமாம்.

பெரியப்பா வரப்பில் நின்று பார்த்தார். "கெணத்தையும் தூக்கிட்டுப் போங்கடா!"

ஏப்ரல் 13

எஞ்சின் எங்களிடம். தண்ணீர் அவரிடம். கரும்பு மூன்று வீட்டுக்கும் காய்கிறது. இது போனால் சோத்துக்கு என்ன பண்றது? கேட்டால் ஒற்றுமை என்கிறார்கள். த்தூ. அதை மாடுகூடத் தின்னாது.

ஏப்ரல் 19

சித்தப்பா கரும்பு மட்டும் எப்படி நிமிர்ந்தது?

ஏப்ரல் 20

பொறுக்கவில்லை. பக்கத்தில் தண்ணீர் உள்ள கிணறு கந்தப்பனுடையதுதான்; கேட்க அவர் வீட்டுக்கே போனேன். அங்கே — அப்பா! கையில் காபி.

"தடத்தப் பத்திப் பேச வந்தேன்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

கந்தப்பன் சிரித்தார். "வா சாமி. உங்கொப்பன் கையெழுத்துப் போட்டாச்சு. சின்னவரு போன வாரமே போட்டாரு. ஏஞ்சாமி, உங்கூட்டுல சேந்தே வரமாட்டீங்களா? தனித்தனியாக் காப்பி போட்டு எம்பட ஊட்டுக்காரி சலிச்சுப்போனா."

தடம் கந்தப்பனுக்கு. ஓரத்து நிலமும். எங்களுக்கு வாரம் ஒருநாள் அவர் கிணற்றுத் தண்ணீர்.

ஏப்ரல் 29

வீட்டில் கூட்டம். பெரியப்பாவைத் தள்ளிவைத்தது செல்லும் என்று மறுபடியும் தீர்மானம். அப்பாவும் சித்தப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மே 6

தன் கிணற்று வாய்க்கால் உடைந்துவிட்டது, வந்து அடைக்கச் சொல் என்று கந்தப்பன் ஆளனுப்பினார். மண்வெட்டியோடு போனேன். பெரியப்பா மகன் சென்னிமலையும் மண்வெட்டியோடு வந்திருந்தான். எஞ்சின் போனதிலிருந்து அவர்களுக்கும் கந்தப்பன் தண்ணீர்தான். ஆளுக்கொரு கரையில் நின்று அடைத்தோம்.