தனியாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

கம்பவுண்டரே,

கள்ளுக்கடைகளை மறுபடியும் திறந்துவிட்டார்கள். இன்று காலை திருச்செங்கோட்டுச் சாலையில் வண்டியிலிருந்து பானைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் சைக்கிளை நிறுத்திவிட்டேன். ஊரே சந்தோஷத்தில் இருக்க, நான் மட்டும் புளியமரத்தடியில் உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஏனய்யா என் பேச்சைக் கேட்டீர்கள்? அதற்கு முன் ஒரு நாளாவது கேட்டதுண்டா?

நமக்குள் ஓயாத சண்டைதான். மாட்டு டாக்டரான எனக்குக் குளோரல் என்ற மயக்க மருந்தின் மேல் நம்பிக்கை, உங்களுக்கு மூக்கணாங்கயிற்றின் மேல். மருந்தைத் தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயால் ஊற்றினால், மாடு கீழுதடு தொங்க, காலை அகட்டி நின்றபடியே சொக்கும். கீழே தள்ளிக் கட்டாமல், நிற்க வைத்தே அறுத்துத் தைத்துவிடலாம். அளவு மிஞ்சினால் மட்டும் நிற்காது, சாய்ந்துவிடும். கள் குடித்த மாட்டுக்குச் சரியான அளவே மிஞ்சிய அளவு. அதனால்தான் ஊருக்கு ஊர் என் காதைக் கடிப்பீர்கள்: "மாட்டுக்காரனத் தனியாக் கூட்டிட்டுப் போயி, கள்ளு ஊத்துனியான்னு கேளுங்க. நாலு பேரு முன்னால எவனும் நெசத்தச் சொல்ல மாட்டானுங்க."

மல்லசமுத்திரம் பக்கத்துக் காளைக்குக் கொம்பில் புற்று. வலியில் வெறிபிடித்து, முந்தின நாள்தான் பண்ணையாள் ஒருவனின் தொடையைக் கிழித்திருந்தது. கட்டுத்தறியில் கொம்பை மோதி மோதித் தறியெல்லாம் ரத்தம். மதுவிலக்கு வந்த புதிது. கள் வைத்திருப்பவனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கும் ஊர் மணியகாரர் நம் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் எதிரிலேயே காளைக்குச் சொந்தக்காரக் குடியானவனிடம் கேட்டேன்: "காலையில் மாட்டுக்குக் கள் ஏதும் ஊற்றினாயா?"

குடியானவன் மணியகாரரைப் பார்த்தான். "அய்யோ, தண்ணிகூடக் காட்டலீங்க சாமி."

சீழ் நாற்றத்தில் வேறு வாடை தெரியவில்லை. நீங்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். "தனியா ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்க." நான் எரிந்து விழுந்தேன். "வெயில் ஏறுகிறது. ஊற்றுமய்யா."

ஊற்றினீர்கள். நான் பாதிக் கொம்பை அறுத்திருப்பேன். சொக்கி நின்ற காளை திடீரென்று முன்னங்கால் மடிந்து உங்கள் பக்கம் சரிந்தது. பிடித்திருந்த கயிற்றை விட்டிருந்தால் தப்பியிருப்பீர்கள். நீங்கள் விடவில்லை. கல்தூணுக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் உங்கள் விலா எலும்புகள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காளையை எழுப்ப ஆட்கள் தடியால் அடித்தார்கள், வாலை முறுக்கினார்கள். நானும் ரம்பத்தின் பிடியால் அதன் முகத்தில் அடித்தேன். அடிக்க அடிக்க அது காலை உதறியது. ஒவ்வோர் உதையும் உங்கள் வயிற்றில் விழுந்தது. வெட்டுண்ட கொம்பிலிருந்து பீய்ச்சிய ரத்தம் எது, உங்கள் வாயிலிருந்து வந்தது எது என்று தெரியவில்லை. உங்களை ஏற்றிய வண்டி ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே போய்விட்டீர்கள்.

காளை மறுநாள் எழுந்து வைக்கோல் தின்றதாம்.

குடியானவன் அன்றைக்கே மண்ணில் புரண்டு அழுதான். "வலி தெரியாம இருக்கட்டும்னுதானுங்க ரண்டு மொந்தை கள்ளு ஊத்துனேன். மணியகாரரு முன்னால எப்படிங்க சொல்றது?" அவனைக் கன்னத்தில் அறைந்தேன். மாட்டின் மேல் பாசம் வைத்தவனை, அவசரம் பிடித்த நான் அறைந்தேன்.

அதோடு விட்டேனா? மேலிடத்துக்கு எழுதிய காகிதத்தில், கம்பவுண்டர் எச்சரிக்கையாக நிற்கவில்லை என்று எழுதினேன். அவனாவது ஜெயிலுக்குப் பயந்து பொய் சொன்னான். நான் வேலைக்குப் பயந்தேன். இதை இன்றுவரை உங்கள் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

இன்று மரத்தடியிலிருந்து எழுந்து, போக வேண்டிய ஊருக்குப் போனேன். அங்கேயும் கொம்பில் புற்றுதான். மாட்டுக்காரனை வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிப்போய், தோளில் கைபோட்டுக் கேட்டேன். "ஒரு மொந்தைதானுங்க," என்றான். நாளைக்கு வருகிறேன் என்று மருந்து பாட்டிலை மூடினேன். போருக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்து பார்த்தால் மாடு நின்றுகொண்டிருந்தது. உங்கள் இடத்தில் கயிற்றைப் பிடித்திருந்தவனும் நின்றுகொண்டிருந்தான்.