காணாமல் போன நூற்றெட்டு கிலோமீட்டர்

பென்னலூர்,
6.7.2025

அன்புள்ள அக்கா சசிரேகாவுக்கு,

உன் தங்கை வினோதினி எழுதுவது. நீயும் மாமாவும் பாப்பாவும் உத்திரமேரூரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை போட்டால் இரண்டு நாள் நடக்கிறாள், மூன்றாம் நாள் உட்கார்ந்துவிடுகிறாள். எனக்கு ஒன்றுமில்லை.

என் நம்பரை நீ பிளாக் செய்திருக்கிறாய். அம்மா போனில் பேசினாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபால். கடிதத்தை பிளாக் செய்ய முடியாது, கிழிக்கலாம். கிழிப்பதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. உள்ளே இன்னொரு காகிதம் வைத்திருக்கிறேன். அது மாமாவுடையது, அதைக் கிழித்துவிடாதே.

நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ உன் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தாய். நான் ஒரகடத்தில் டிராவல்ஸ் ஆபீஸ் மேஜையில் இருந்து பார்த்தேன். அங்கிருந்து எப்படித் தெரிந்தது என்பதை ஒருதரமாவது வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச்சில் எங்கள் டிராவல்ஸுக்குப் பத்து எலக்ட்ரிக் வண்டி வந்தது. கம்பெனிக்கு ஷிப்ட் பெண்களை ஏற்றி இறக்குவதற்கு. எங்கள் முதலாளி ராஜசேகர் சாரிடம் சொல்லி மாமாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். அவருக்கு ஏழாம் நம்பர் வண்டி. முழு சார்ஜ் ஏற்றினால் டிஸ்ப்ளேயில் 310 என்று காட்டும். இன்னும் அவ்வளவு கிலோமீட்டர் ஓடும் என்று அர்த்தம். தண்டலம், பென்னலூர், ஒரகடம் என்று மாமாவுக்கு ஒரு நாளைக்கு நாலு டிரிப், மொத்தம் 182 கிலோமீட்டர். வண்டி திரும்பும்போது 128 மிச்சம் இருக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு நாள் 20 என்று வந்து நின்றது. நூற்றெட்டு கிலோமீட்டரைக் காணோம்.

மற்ற ஒன்பது வண்டிகளிலும் குறையத்தான் செய்தது. ஆனால் அவை எழுபது, எண்பதாவது மிச்சம் காட்டின. மாமா வண்டி மட்டும் தினமும் காலியாக வந்தது. ஓடிய தூரமோ மீட்டரில் சரியாக 182. ஆக, வேறு சவாரி போகவில்லை. அப்படியானால் கரண்ட் எங்கே போயிற்று?

அதைக் கேட்பதுதான் அக்கா என் வேலை. டீசல் வண்டிகள் ஓடிய காலத்தில் டியூப் போட்டு உறிஞ்சி விற்ற மூன்று பேரை நான் பிடித்திருக்கிறேன். டிரைவர் என்றாலே என் கண் முதலில் டேங்கைத்தான் பார்க்கும். மாமாவுக்காக அந்தக் கண்ணை மூடிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. சொந்தக்காரர் என்பதால் இன்னும் கூர்ந்து பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு மெமோ போனது. டைப் அடித்தது நான். மறு வாரத்திலிருந்து ஏழாம் நம்பர் வண்டியும் எண்பது மிச்சம் காட்டியது. சார் என்னைக் கூப்பிட்டு, "பாத்தியாம்மா, மெமோ குட்த்ததும் வண்டிக்கே புத்தி வந்துட்ச்சு" என்றார். நானும் தலையாட்டினேன். தப்பு செய்யாதவர் என்றால் மெமோ கொடுத்ததும் எப்படிச் சரியாகும்?

மே மாதம் அம்மாவை டாக்டரிடம் காட்ட அரை நாள் லீவு போட்டேனே, அன்றைக்கு உன் தெரு வழியாக வந்தேன். காலை டிரிப் முடித்துவிட்டு மாமா சாப்பிட வந்திருந்தார். வண்டி வாசலில் நின்றது. உன் ஜன்னலிலிருந்து ஒரு ஆரஞ்சு வயர் வெளியே வந்து வண்டிக்குப் போயிருந்தது. உள்ளே கிரைண்டர் ஓடுகிற சத்தம். நீ இட்லி மாவு வியாபாரம் ஆரம்பித்து அப்போது நாலு மாதம். இந்த வண்டியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கலாம் அக்கா. விளம்பரத்தில் அதில் அடுப்பு வைத்துச் சமைத்தே காட்டுவார்கள். எனக்குக் காணாமல் போன நூற்றெட்டும் உன் கிரைண்டரில் அரைபடுகிற மாதிரி இருந்தது. மெமோவுக்குப் பிறகு அளவாக எடுக்கக் கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன்.

உள்ளே வந்து உன்னிடம், இது என்ன வயர் என்று கேட்டேன். நீ கையெல்லாம் மாவோடு நின்று, "உங்க மாமாவையே கேளு" என்றாய். உன் முகம் மாறியது. குற்றமுள்ளவர்களின் முகம் அப்படித்தான் மாறும் என்று எடுத்துக்கொண்டேன். கூடப் பிறந்தவள் சந்தேகப்பட்டால் யார் முகமும் அப்படித்தான் மாறும் என்பது எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆயிற்று.

மாமாவைக் கேட்கவில்லை. வெளியே வந்து போட்டோ எடுத்தேன். நான் சேர்த்துவிட்ட ஆள், நாளைக்கு வேறு யாராவது சொன்னால் எனக்கும் பங்கு என்பார்கள் என்கிற பயமும் இருந்தது. சாரிடம் காட்டிவிட்டேன்.

விசாரணையில் மாமா இரண்டே வார்த்தைதான் சொன்னார். "நான் எடுக்கல சார். நான்தான் குட்த்துக்கினு இருந்தேன்." சார் சிரித்தார். "முன்னூத்திப் பத்து ஓட்ற வண்டிக்கு நீ இன்னாத்துக்குப்பா குடுக்கணும்?" என்றார். மாமா என் பக்கம் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அவரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். மே கடைசியில் நீங்கள் வீட்டைக் காலி செய்தபோது, நான் தெருமுனை வரை வந்து திரும்பிப் போனேன். அது உனக்குத் தெரிந்திருக்காது.

ஏழாம் நம்பர் வண்டியை சுப்பிரமணி என்பவரிடம் கொடுத்தார்கள். முதல் வாரம் 24 மிச்சத்தோடு வந்து நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் வீட்டில் கிரைண்டர் வியாபாரம் இல்லை. வீடே அச்சிறுபாக்கத்தில், டூட்டி நடுவே அங்கே போய்வர முடியாது. இரண்டாம் வாரம் அதுவும் சரியாகிவிட்டது. மெமோ கொடுக்காமலே சரியாயிற்று. இவர் என்ன செய்கிறார் என்று, வண்டிகள் நிற்கும் யார்டுக்கே போய்க் கேட்டேன்.

அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஏசிய ஆஃப் பண்ட்டேன்மா. எல்லாரும் அதான் பண்றோம். இல்லாட்டி இந்த வண்டி தாங்காது. உங்க மாமா வசந்தகுமார் மட்டுந்தான் ஆஃப் பண்ணமாட்டாரு. அவரு வண்டில மாசமா கீற பொண்ணு ஒண்ணு ஏறுது."

அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். காவேரி, தண்டலம் ஹாஸ்டல் பக்கம் ஏறுகிறவள், ஏழு மாதம். கம்பெனி கேட்டில் நின்று பேசினோம். முந்தின வாரம் லைனிலேயே மயங்கி விழுந்து ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் படுக்க வைத்தார்களாம். "அந்த அண்ணன் இருந்தவரைக்கும் ஜில்லுனு போவோம்கா. இப்ப ஜன்னல இறக்கிவுட்டுக்கினு லாரிப் பொகையத் துன்னுக்கினு போறோம். அவர ஏன்கா எட்த்துட்டாங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அப்போதும் நான் முழுதாக நம்பிவிடவில்லை. பொய் சொல்லக்கூடாது. ஏசிக்கு அவ்வளவு போகுமா என்று நானே பார்க்க முடிவு செய்தேன். ஒரு நாள் லீவு போட்டு, சுப்பிரமணி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாலு டிரிப்பும் போனேன். அவரை ஏசி போடச் சொன்னேன். புறப்படும்போது 308. முதல் டிரிப்பில் ஓடியது நாற்பத்தாறு, டிஸ்ப்ளேயில் இறங்கியதோ எழுபத்தொன்று. ஹைவேயில் ஏறி வேகம் பிடித்ததும், பின்னால் பெண்கள் நிறைய உட்கார்ந்ததும், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அந்த எண் இரண்டு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் மீட்டரில் 181, மிச்சம் 31. யாரும் எடுக்காமலே தொண்ணூற்றாறு கிலோமீட்டர் காணாமல் போயிருந்தது. அந்த 310 எங்கோ ஒரு அறையில், வெயிலும் ஆளும் ஏசியும் இல்லாமல் ஓட்டிப் பார்த்து வாங்கிய மார்க்கு. அதை நான் சத்தியவாக்காக நம்பினேன். பத்து வருடம் பார்த்த மனிதரை நம்பவில்லை.

அதே வாரம் நீங்கள் குடியிருந்த வீட்டுக்கார அம்மா தாயாரம்மாள் தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அக்கா வூட்ல இன்னாத்த ஓட்னாங்க? கரண்ட் பில்லு ஒண்ணுக்கு ரெண்டா வந்துகீது. உங்க மாமா ஒரு வார்த்தை பேசாம கட்டிட்டுப் போனாரு" என்றாள். நடுத்தெருவில் நின்றுவிட்டேன். வண்டியிலிருந்து எடுத்திருந்தால் பில் குறைந்திருக்க வேண்டும். வயரைப் பார்த்த எனக்கு அதில் கரண்ட் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கத் தோன்றவில்லையே அக்கா. மெமோவுக்குப் பயந்து, உங்கள் வீட்டுக் கரண்டை அந்த வண்டிக்கு ஊட்டி, எண்பது மிச்சம் காட்டியிருக்கிறார். யார்டுக்கு வெளியே சார்ஜ் போடக்கூடாது என்று விதி இருப்பதால் அதையும் விசாரணை வரைக்கும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார்.

சாரிடம் போனேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். அவர் காபியைக் கீழே வைக்காமலே, "அது டெஸ்ட்ல வர்ற நம்பர்மா. ரோட்டுல வராது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். அப்படியானால் மாமா விஷயம் என்று கேட்டேன். "வயரப் பாத்தது நீ. போட்டோ எட்த்தது நீ. என்ன வந்து கேக்கற" என்றார்.

ஆனால் "எல்லாருக்கும் தெரிஞ்சது" என்ற வார்த்தை என்னை விடவில்லை. ஏப்ரல் மாத மெயில்களைத் திறந்து பார்த்தேன். ஒரே வாரத்தில் சார் பெயரில் இரண்டு போயிருந்தன. ஒன்று வண்டி விற்ற டீலருக்கு: நீங்கள் சொன்ன தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட வண்டிகள் ஓடவில்லை என்று. இன்னொன்று கம்பெனிக்கு: வண்டிகளில் குறை ஏதுமில்லை, ஒரு டிரைவர் சார்ஜைத் தவறாகப் பயன்படுத்துகிறார், நடவடிக்கை எடுக்கிறோம் என்று. நான் வயரைப் பார்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே எழுதியது அது. வண்டியின் குறைக்கு ஓர் ஆளைக் காட்டுவது என்று அப்போதே முடிவாகிவிட்டது. கையில் போட்டோ இல்லை. அதைத்தான் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு மெயிலையும், நான் ஒரு நாள் எழுதிய கணக்கையும், பில் விவரத்தையும் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் அதிகாரியிடம் கொடுத்தேன். காவேரியும் கூட வந்து சொன்னாள். இப்போது வண்டிகள் கம்பெனிக்குள்ளேயே மத்தியானம் சார்ஜ் ஏறுகின்றன. ஏசி போடாத வண்டியைக் கேட்டில் விடுவதில்லை. மாமா மீது சொன்ன குற்றம் ஆதாரமில்லாதது, அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று ராஜசேகர் சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான் உள்ளே இருக்கும் காகிதம். முத்திரை, தேதி எல்லாம் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஒரிஜினல்தான். மாமா வந்தால் வேலை உண்டு என்று அதிகாரி சொல்கிறார். வரச் சொல்ல எனக்கு வாயில்லை, செய்தியை மட்டும் சொல்கிறேன்.

நான் ஒன்றாம் தேதியிலிருந்து ஆபீஸ் போவதில்லை. அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் டப்பா கட்டிக்கொண்டு கிளம்பி, மறைமலை நகர் பக்கம் இரண்டு இடத்தில் வேலை கேட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். மாமா வண்டியில் குறைந்தது நூற்றெட்டு. நான் போன அன்று தொண்ணூற்றாறு. நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் இடிக்கிறது. ஏப்ரல் வெயில் வேறு, ஜூன் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பாத்திரம் கழுவும்போது அந்தப் பன்னிரண்டு வந்து நிற்கிறது. மாமா மேல் சந்தேகம் இல்லை அக்கா. இது என் புத்தி. இதை வைத்துக்கொண்டு நான் யாரோடு குடித்தனம் செய்யப்போகிறேனோ தெரியவில்லை. அன்றைக்கு உன் வாசலில், வயர் எதற்கு என்று கேட்பதற்குப் பதிலாக, சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

பாப்பாவுக்கு ஆவணியில் காதுகுத்து வைத்திருப்பதாக வெளியார் சொல்லித்தான் அம்மா கேள்விப்பட்டாள். பேத்தி எப்படி வளர்ந்திருக்கிறாளோ என்று தினமும் கேட்கிறாள். பத்திரிகையில் என் பெயர் போட வேண்டாம். எனக்கென்று தனியாக அழைப்பும் வேண்டாம். அம்மாவை மட்டும் கூப்பிடு, போதும். ஆனால் அவளுக்குத் தனியாக பஸ் ஏறத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

குழந்தை நூறு வயது நன்றாக இருக்கட்டும். மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் தங்கை
வினோதினி