பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னது

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து காத்து, புழுதி. அங்கன்வாடியிலிருந்து வந்ததும் வூட்டுக்காரரும் நானும் பிக்கப் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டோம். ரெண்டு வருஷமா வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டி. இந்த மாங்காய் சீசன் முடிவதற்குள் ஓட்டியே ஆகணுமாம்.

உள்ளே இருந்தவை: எலிக்கூடு. சீட்டைக் கடித்துப் போட்ட பஞ்சு. நசுங்கின தண்ணி பாட்டில். விபத்து நடந்த அன்றைய லோடின் காய்ந்த தக்காளித் தோல். என்னுடைய இடது கால் செருப்பு.

செருப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

"புதுசு மாதிரி ஆக்கிடலாம் செல்வி. உள்ள நீ சுத்தம் பண்ணு, துருவெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவர் சந்தோஷமாக இருந்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். இங்கே எழுதலாம். இன்றைக்கு வேண்டாம்.

இடது கையை முழுசா நீட்ட முடியாது. வலது கையால் எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு.

ஜூன் 5, வியாழன்

அங்கன்வாடி சென்டரில் கேஸ் தீர்ந்துபோச்சு. விறகு வைத்து சாம்பார் சாதம். கண் எரிச்சல்.

சாயங்காலம் உப்புத்தாள் தேய்த்தேன். டிங்கரிங் ஆள் வந்து இடது பக்கக் கதவைத் தட்டி நிமிர்த்தினார். விபத்தன்று நான் உட்கார்ந்திருந்த பக்கம். அரை நாள் வேலை, கதவு நிமிர்ந்துவிட்டது. கதவுக்கு நல்ல காலம்.

பக்கத்து வூட்டு முனியம்மா அக்கா வேலியோரம் நின்று: "என்னா மாதையா, மறுபடி எடுக்கறயா? இந்தத் தடவ நல்ல ஆளா பாத்து வுடு. அந்த கோவிந்தன நம்பி, பாவம், இவ கை போச்சு."

அவர்: "அவனெல்லாம் ஒரு மெக்கானிக்காக்கா?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

கோவிந்தன் விஷயத்தை ஒரு தடவையாவது எழுதி வைக்கணும். ஊர் முனையில், டீக்கடைக்கு எதிரே ஷெட் வைத்திருந்தவன். விபத்துக்கு ஒரு வாரம் முன்னால் இந்த வண்டிக்கு பிரேக் வேலை பார்த்தான். பிரேக் பிடிக்கவில்லை, கோவிந்தன் செய்த வேலை அப்படி என்று இவர் சொன்னார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் போய், டீக்கடையில் அத்தனை பேர் பார்க்க, அவன் ஸ்பேனர் பெட்டியை ரோட்டில் கொட்டினார். அப்புறம் அவனிடம் யார் வண்டி விடுவார்கள்? ஆறு மாசம் சும்மா உட்கார்ந்துவிட்டு ஷெட்டைப் பூட்டினான். இப்போது ஓசூரில் எங்கேயோ வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வூட்டுக்கு வருகிறான்.

ஜூன் 7, சனி

வெயில் மண்டையைப் பிளக்குது. நல்லம்பள்ளியிலிருந்து மெக்கானிக் பாஷா அண்ணன் வந்தார். புது பேட்டரி. டீசல் டேங்க் கழுவல். மத்தியானத்துக்கு மேல் நாலு சக்கரமும் கழற்றினார். பிரேக் ஆயில் மாற்றினார், அழுத்திப் பார்த்தார், மறுபடி கீழே குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இதுல என்னா கம்ப்ளெயிண்ட்டுன்னு சொன்னீங்க?"

"பிரேக் ஃபெயிலு."

"லைனிங் புதுசா இருக்குதுங்க. எங்கியும் கசிவு இல்ல. பைப்பு ஒண்ணும் அறுபடல. பெடலு கல்லு மாதிரி நிக்குது. வேல செஞ்சவரு சுத்தமா செஞ்சிருக்காரு. நின்னு நின்னு துரு ஏறியிருக்கு, அவ்ளோதான்."

"அப்ப எப்பிடி புடிக்காம போச்சு?"

பாஷா அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "மிதிச்சா புடிக்குங்க" என்றார். குத்திக் காட்டவில்லை. கேட்டதுக்குப் பதில் சொன்னார்.

டீ டம்ளரோடு நான் அங்கேயே நின்றேன். இவர் என் பக்கம் திரும்பவில்லை. "பெயிண்ட்டு என்னா கலர் அடிக்கலாம்?" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

நடந்தது இதுதான்.

தொப்பூர் கணவாய் இறக்கம். சேலம் மார்க்கெட்டுக்கு தக்காளி லோடு. கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று நானும் ஏறினேன். மண்டிக்காரர் விடாமல் போன். போன் நழுவி இவர் காலடியில் விழுந்தது. குனிந்தார். "முன்னாடி பாருங்க" என்றேன். "இரு" என்றார். முன்னால் லாரி. நிமிர்ந்தவர் ஸ்டீயரிங்கை ஒடித்தார். பிரேக்கில் கால் படவே இல்லை. என் பக்கம் தடுப்புச் சுவரில் மோதியது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். "பிரேக் புடிக்கலயாம்மா?" இவர் கட்டில் ஓரம் நின்று என் முகத்தையே பார்த்தார். லைசென்ஸ் போனால் சோத்துக்கு என்ன வழி என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது. தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லை, தலைதான் ஆட்டினேன் என்று ரெண்டு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிறேன். வெட்கக்கேடு.

இன்று இட்லி வைக்கும்போது பேச்சை எடுத்தேன்.

"கோவிந்தன் வேல சுத்தம்னு பாஷா அண்ணன் சொன்னாரே."

"பிரேக் பைப்புல காத்து அடைச்சிருக்கும். அதெல்லாம் இப்ப பிரிச்சு பாத்தா தெரியாது."

"நீங்க குனிஞ்சீங்க."

"எப்ப?"

நிஜமாகவே கேட்கிற மாதிரி கேட்டார். மறந்துவிட்டதா, நடிப்பா? பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியவில்லை.

"போலீசுக்கு நீயும்தானமே சொன்ன?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மூணு இட்லி நாய்க்கு.

ஜூன் 10, செவ்வாய்

ரேஷன் கடை. பருப்பு இல்லை, பாமாயில் மட்டும். வரிசையில் எனக்குப் பின்னால் சரசு, கோவிந்தன் பொண்டாட்டி. எப்போதும் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவள். கோபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கை இன்னும் வலிக்குதாக்கா?"

"பனிக்காலத்துல வலிக்கும்."

"அவரு கேட்டுக்கினே இருப்பாரு. செல்விக்கா கை எப்பிடி இருக்குன்னு பாத்தியான்னு. வேல முடிச்சு தானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுத்தாராம். எந்த போல்ட்ட மறந்தேன், எத முடுக்காம வுட்டேன்னு இன்னும் யோசிக்கிறாரு. ஸ்பேனரயே தொடறதில்லக்கா. வூட்டு சைக்கிள கூட வெளிய குடுத்துதான் சரி பண்றோம்."

என் முறை வந்தது. கைரேகை மிஷினில் விரல் பதியவில்லை. நாலு தடவை வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பெயிண்ட் முடிந்தது. வெள்ளை. சீட்டுக்கு உறை நான் தைத்தேன், ஒரு கையால் துணியைப் பிடித்து, பல்லால் நூலை இழுத்து. நல்லாத்தான் வந்திருக்கு.

செல்ஃப் அடித்ததில் மூணாவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை. தெருவே வந்து பார்த்தது. இவர் ஹாரன் அடிக்கிறார், சிரிக்கிறார். திங்கட்கிழமை காலையில் டீக்கடை முக்கில், பிள்ளையார் கோயில் முன்னால் பூஜை போடணுமாம். எல்லாருக்கும் கேசரி செய்யணுமாம்.

இந்த மனுஷனோடு சேர்ந்துதான் அந்தப் பொய்யை வளர்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோவிந்தன் வூட்டுக்குப் போனேன். இவரிடம் சொல்லவில்லை. கோவிந்தன் வாசலில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முடி நரைத்துப் போச்சு.

உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். போன் விழுந்தது, குனிந்தது, நான் தலையாட்டியது, பாஷா அண்ணன் சொன்னது.

திட்டுவான் என்று நினைத்தேன். "லைனிங் தேயவே இல்லன்னாராக்கா?" என்றான்.

"புதுசா இருக்குன்னாரு."

"கசிவு?"

"இல்லயாம்."

எண்ணெய்க் கையோடு முகத்தை மூடிக்கொண்டான். சரசு உள்ளேயிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "போக்கா" என்றாள். "போயிடு இங்க இருந்து."

கிளம்பினேன். பின்னாலேயே கோவிந்தன் குரல். "என்கிட்ட சொல்லிட்டீங்க. அவரு எங்க நின்னு சொன்னாரோ, அங்க சொல்லுங்கக்கா."

ஜூன் 16, திங்கள்

கா. 6 மணிக்கு கேசரி. முந்திரி இல்லாமல். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பத்து இருபது பேர் இருந்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் யாரோ, "இனிமே பிரேக்க நல்லா பாத்துக்க மாதையா" என்று சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

சொன்னேன். "அன்னிக்கும் பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. இவரு போன எடுக்க குனிஞ்சாரு. கோவிந்தன் மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும். நானும் பொய் சொன்னேன்."

எல்லார் காதிலும் விழுந்தது.

டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார். முனியம்மா அக்கா மட்டும், "நல்ல நாளும் அதுவுமா இத ஏம்மே இங்க வந்து..." என்றாள். கோவிந்தனைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை இல்லை. ரெண்டு வருஷம் முன்னால் அவனைத் திட்ட எத்தனை வாய் இருந்தது.

இவர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். கேசரியைச் சட்டியோடு சென்டருக்குக் கொண்டு போனேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

ஜூன் 18, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

ரெண்டு நாளா பேச்சு இல்லை. நாத்தனார் போனில் ஒரு பாட்டம் திட்டி முடித்தாள். கோவிந்தன் ஷெட் பூட்டியேதான் கிடக்கிறது. தண்ணிக் குழாயில் சரசு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒதுங்கிப் போகவும் இல்லை.

காலையில் சாப்பிடும்போது இவர் வாயைத் திறந்தார். "ரெண்டு வருஷம் சும்மாதான இருந்த? இப்ப மட்டும் என்னா நியாயம்?"

தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

மாங்காய் லோடுக்குக் கிளம்பினார். என் சென்டர் வழியாகத்தான் போகணும். இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வாசலில் நின்றேன். ஏறவில்லை. ஹாரன் ஒரு தடவை அடித்தார். அப்புறம் எட்டிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனார்.

பஸ்ஸில் போனேன். கூட்டம். நின்றுகொண்டே.