பாக்கியம், வண்டிக்கு முன் டயர் மாற்றிவிட்டேன்

என் பாக்கியத்துக்கு,

நீ இருக்கிற இடத்துக்குக் கடுதாசி வருமா, வந்தால் யார் கொண்டுவந்து தருவார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். நானே எழுதுகிறேன், புள்ள! யாரிடமும் சொல்லி எழுதிக்கொள்ளவில்லை. கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தை மாதத்திலிருந்து போய் வருகிறேன்.

ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆறட்டும். எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தால், நான் மனதில் நினைத்தது அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. இத்தனை பெரிய அதிசயத்தை ஆயுள் முழுக்க நீ மட்டும் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

இதை வகுப்புப் பத்திரிகையில் போடப்போகிறார்களாம். நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். நீ இருந்த காலத்திலும் நாம் பேசியதெல்லாம் லயத்து வீடுகளின் ஒட்டுச் சுவரைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டதுதானே.

சேதி இதுதான். நம் மோட்டார் சைக்கிள் வண்டிக்கு முன் டயர் மாற்றியாகிவிட்டது. "அந்த டயரையா?" என்று நீ கேட்பது கேட்கிறது. அந்த டயரைத்தான்.

நாம் பதுளைக்குப் போகும்போதெல்லாம் நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கப்போட்டு உட்காருவாய். உன் பாரம் அந்தப் பக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்க நான் வண்டியை ஒரு நூல் வலது பக்கம் சாய்த்தே ஓட்டுவேன். சாய்க்காவிட்டால் இரண்டு பேரும் தேயிலைச் செடிக்குள்தான். வருஷக்கணக்காக அப்படியே ஓடி, டயரின் வலது பக்கம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டது.

நீ போன பிறகு நான் தனியாக ஓட்டினாலும் வண்டி வலது பக்கமே ஒதுங்கியது. அதை நான் திருத்தப் போகவில்லை. டயர் உனக்கு இடம் விட்டு ஓடுகிறது என்றே வைத்துக்கொண்டேன். ஸ்பிரிங்வெளி வளைவுகளில் எத்தனை தரம் "புடிச்சிக்க, புள்ள" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? ஹெல்மெட்டுக்குள் சொன்னதால் ஊருக்குக் கேட்கவில்லை. உனக்குக் கேட்டதா?

இதற்கு நடுவில் நம் மகள் வசந்திக்கு டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது. அது கிடைத்த சந்தோஷம் ஆறுவதற்குள் காலை பஸ் நின்றுபோனது. கடை திறக்கும் நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் வண்டிக்கு முன்னால் குந்திப் பார்த்தாள்.

"இந்த டயர்லயா? வழுக்கத் தல மாதிரி இருக்கு. நா வரமாட்டேன்."

"ஒங்கம்மா இதுலதான் வந்தா."

"அம்மா வந்தப்ப இதுல கோடு இருந்துச்சுப்பா. டயர மாத்துங்க, ஏறுறேன். இல்லாட்டி நடந்தே போறேன்."

உன் பிள்ளை அல்லவா, சொன்னபடி நடந்தாள். மழையில் குறுக்குப் பாதையில் இறங்கிப் போய், இருட்டும் நேரத்தில் ஏறி வந்தாள். வாசலில் உட்கார்ந்து காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன்.

அங்கே கராஜ் வைத்திருக்கும் நிசாம் தம்பி சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னங்கய்யா, ஒரு பக்கத்த மட்டும் தின்னு வச்சிருக்கு? பின்னால யாரும் ஒரு பக்கமா ஒக்காந்து வந்தாங்களா?"

"எம் பொஞ்சாதி" என்றேன்.

"ரோட்டுச் சாய்வுக்கும் இப்பிடித் தேயும்" என்றார். அவர் ரோட்டை வைத்துக்கொள்ளட்டும். நான் உன்னை வைத்துக்கொண்டேன்.

புது டயரைப் பூட்டிவிட்டுக் காற்றும் பார்த்தார். "ஐயா, பழசு ஒரு பக்கம் தட்டையாகிருச்சி. வளைவுல சாயவே முரண்டு புடிச்சிருக்கும், நீங்களும் பலத்தப் போட்டுத் தள்ளியிருப்பீங்க. இது நல்லா உருண்டையா இருக்கு. தொட்டாலே சாயும். அந்தப் பழைய பலத்த இதுல காட்டிறாதீங்க. புதுசு கொஞ்சம் வழுக்கும், மேல்தோல் தேயிற வரைக்கும் மெதுவாப் போங்க."

"பேசிக்கிட்டே ஓட்டலாமா?"

"யாரோட?" என்றார். நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன்.

பழைய டயரைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு வந்தேன். வண்டி என்னுடையதாகவே இல்லை, பாக்கியம். திரும்ப வேண்டும் என்று நினைத்தாலே திரும்புகிறது. யாரோ ஒரு வாலிபனின் வண்டியைத் திருடிக்கொண்டு வருகிறவன் மாதிரிப் பயந்து பயந்து வந்தேன். நேரான இடத்தில் நேராகவே ஓடியது. எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை. நீ பின்னால் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பழையதையே மாட்டிவிடலாமா என்று அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தி பார்த்தாள்.

விடிந்ததும் சுடிதாரோடு வந்து, இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினாள். "போங்கப்பா."

புறப்பட்டேன். பின்னால் ஒரு பாரம் ஏறியதுதான் தெரியும், என் இடுப்பும் கையும் தாமாகவே வண்டியை வலது பக்கம் சாய்த்துவிட்டன. முதல் வளைவில் வண்டி நடு ரோட்டுக்குப் போய்விட்டது. எதிரே தேயிலைக் கொழுந்து லொறி!

"அப்பா! அந்தப் பக்கம் போறீங்க!"

இடது பக்கம் ஒடித்தேன். புது டயர் சொன்ன சொல்லைத் தட்டாமல் அந்த நொடியே திரும்பியது. பழையதாக இருந்தால் முரண்டு பிடித்திருக்கும். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

லொறிக்காரன் தலையை வெளியே நீட்டினான். "பெருசு, ரோட்ட வெலைக்கு வாங்கிட்டியா?"

ஓரமாக நிறுத்தினேன். வசந்தி இறங்கி முன்னால் வந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"டயர்ல ஏதும் கோளாறாப்பா?"

"டயர்ல ஒன்னுமில்ல. ஒங்கம்மாவுக்குச் சாச்சிட்டேன்."

அவள் மறுபடி ஏறி என் தோளைப் பிடித்தாள்.

"நா ரெண்டு பக்கமும் கால் போட்டிருக்கேன்ப்பா. நீங்க நேரா ஒக்காருங்க." சற்றுப் போனதும் கேட்டாள், "அம்மா எங்க புடிச்சிக்குவாங்க?"

"புடிக்க மாட்டா. வேகமாப் போனா இடுப்பக் கிள்ளுவா."

"அப்ப நா கிள்ளாம இருக்கணும்னா மெதுவாப் போங்க" என்றாள். சிரித்தாளா அழுதாளா, முன்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை. வழி முழுக்க முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். கடை திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள்.

இத்தனை நாளும் உன்னை அந்த ரப்பருக்குள் வைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். அதைக் கழற்றினால் நீயும் போய்விடுவாய் என்று பயந்தேன். நீயோ என் இடுப்பில் அல்லவா இருந்திருக்கிறாய்? அதனால் பழைய டயரைக் கொடுத்துவிட்டேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் கூரைத் தகரம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே போட்டிருக்கிறார்.

ஒரு வாக்குத் தருகிறேன். வசந்தி பின்னால் இருக்கும்போது நான் நேராகத்தான் உட்காருவேன். மறக்கமாட்டேன். அவளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும் வழியில், தேயிலை ஸ்டோருக்கு மேலே எதிரே யாரும் வராத ஒரு நீட்டு ரோடு இருக்கிறதே, அங்கே மட்டும் ஒரு நூல் வலது பக்கம் சாய்ப்பேன். அது டயர் இழுக்கிற இழுப்பு இல்லை, பாக்கியம். நானே வேண்டுமென்று சாய்ப்பது.

என்றைக்கும் உன் வீட்டுக்காரன், வசந்தியின் அப்பன்,
சுப்பையா
(பெருவிரல் ரேகை இல்லை, புள்ள. கையெழுத்து!)