வட்டம் விழுந்த மருந்து

வெள்ளிமலை
15.9.1987

அன்புள்ள மாமாவுக்கு, பெரியநாயகி எழுதுவது.

"நர்ஸ் வேலைன்னு மலைக்குப் போனா, லெட்டர்கூடப் போடாத" என்றீர்கள். மூன்று மாதம் போடவில்லை. இப்போது பயத்தில் எழுதுகிறேன்.

இங்கே பதினோரு பிள்ளைகளுக்கு ரத்த பேதி. ஆஸ்பத்திரியில் இருக்கிற இரண்டு வகை மாத்திரையும் கொடுத்தாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. அம்மாசியின் ஆறு வயது மகள் செல்லிக்குக் கண் குழிந்துவிட்டது.

"எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாவும்னு பார்க்காம சும்மா குடுத்துகினே இருந்தா ஒருத்தரும் தேறமாட்டாங்கம்மா" என்கிறார் டாக்டர். ஜீப் டிரைவர் இருசப்பன் கொண்டுவரும் ஐஸ் பெட்டியில் மூன்று பிள்ளைகளின் மலம் இருக்கிறது. உங்கள் மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு, விழுப்புரம் லேபில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ரிசல்ட் வாங்காமல் திரும்பாதீர்கள். என் மேல் இருக்கும் கோபத்தை இதில் காட்டவேண்டாம்.

பெரியநாயகி


கள்ளக்குறிச்சி
21.9.1987

அன்புள்ள நாயகிக்கு,

ரிசல்ட் கிடைத்துவிட்டது. லேபில் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார்கள். தட்டு முழுக்கக் கிருமி ஆடைபோல் படர்ந்திருந்தது. நடுநடுவே காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. நீங்கள் கொடுக்கிற இரண்டையும் ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது. நாலிடிக்சிக் ஆசிட் வில்லையைச் சுற்றி மட்டும் சுத்தமான வட்டம். அதுதான் இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து.

பஸ் ஒன்றும் ஓடவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். வழியெல்லாம் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். துப்பாக்கிச் சூடு என்றார்கள். மூன்று நாள் நடந்தேன். ஓரிடத்தில் ஒருவர், "யாருய்யா நீ? பையில இன்னா?" என்று அரிவாளோடு வந்தார்.  லேப் சீட்டைக் காட்டி, பிள்ளைகளின் மருந்துக்காகப் போகிறேன் என்றேன். "நம்ம புள்ளைங்க படிக்கணும்னுதான் இங்க குந்திகினு இருக்கோம். புள்ளைங்க மருந்த மறிப்பமா?" என்று கையைப் பிடித்து மரத்தைத் தாண்டவிட்டார்.

மருந்துக்காக மலையிலிருந்து இறங்கிவந்த அம்மாசியிடம் கடையில் இருந்த நாலிடிக்சிக் சிரப் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்புகிறேன்.

இன்னொன்று. மாத்திரையை அரைகுறையாகத் தின்றால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்றார் லேப்காரர். மலையிலிருந்து பேதி என்று வந்தவர்களுக்கெல்லாம் அட்டையில் இரண்டு இரண்டாய் வெட்டிக் கொடுத்தது நான்தானே?  டாக்டரிடம் சொல்லிவிடாதே.

உன்
செல்லமுத்து


வெள்ளிமலை
25.9.1987

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாசி மேலே ஏறி வந்தபோது செல்லியின் உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சிரப்பை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் போனார்.

மற்ற பத்துப் பேருக்கும் மூன்றாம் நாளே ரத்தம் நின்றுவிட்டது. ஆனாலும் விடிந்தால், இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது நிற்பார்களோ என்று கதவைத் திறக்கப் பயமாக இருக்கிறது.

நீங்கள் மாத்திரை வெட்டிக் கொடுத்ததை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "ஒரு கடையால வந்ததுன்னு சொல்ல முடியாதும்மா. எல்லாக் கடைக்காரங்களையும் கூப்பிட்டுப் பேசணும்" என்றார். அம்மாசியிடம் நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்லவேண்டியது. சொல்லாதவரை உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பெரியநாயகி


கள்ளக்குறிச்சி
2.10.1987

அன்புள்ள நாயகிக்கு,

இன்று அம்மாசி கடைக்கு வந்தார். சிரப் கொண்டுபோன பையைக் கொடுத்துவிட்டுப் போகத் திரும்பினார். கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆனி மாசம் ஊட்ல பேதின்னு வந்தியே, அஞ்சு நாளைக்கு முழுசா குடுக்காம ரெண்டு மாத்திரை வெட்டிக் குடுத்தேன். அப்டிக் குடுத்துக் குடுத்துதான் மருந்து கேக்காமப் போச்சாம். என் தப்புதான் அம்மாசி" என்றேன்.

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"ரெண்டுக்குத்தாங்க எங்கிட்ட காசு இருந்திச்சி" என்றார். அப்படியே படி இறங்கிப் போய்விட்டார். அடித்திருந்தால் தேவலை.

மலைக்கு பஸ் விட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு வரட்டுமா? வேண்டாமென்றால் எழுது. உன் கடிதம் வராவிட்டால் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

செல்லமுத்து